பலகையில் உதிர்ந்த குங்குமம்

ஜலஜா வருகிறாள் என்று தெரிந்தால் சஹாப் ஏரோ கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட்கூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். துபாயின் ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் கண்டெய்னர்கள் அடுக்கிய யார்டுகளைத் தாண்டி இருக்கிற கம்பெனி அது. அங்கே கிளீன் ரூமுக்குள் நுழைகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் அவள் மூக்குக்குத் தப்ப வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் வாசமா, வெளியே போ. கழுத்தில் பவுடரா, கழுவிவிட்டு வா. ஒருநாள் கம்பெனியின் முதலாளியே, எமிராத்தி இன்ஜினியர் ஷம்மா, ஊத் அத்தர் மணக்க மணக்க வந்து நின்றபோது ஜலஜா கதவில் கையைக் குறுக்கே வைத்து மறித்துவிட்டாள். ஷம்மா சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து யாரும் ஜலஜாவிடம் சாக்குச் சொல்வதில்லை.

கம்பெனியின் குவாலிட்டிக்குப் பொறுப்பு ஜலஜாதான். அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே செய்கிற வேலை அப்படி. அச்சின் மேல் பசை ஊறிய கார்பன் துணியைப் படலம் படலமாக விரித்து, காற்றை உறிஞ்சி, பஸ் நுழைகிற அளவு பெரிய ஒரு பிரஷர் குக்கருக்குள் தள்ளி வேகவைப்பார்கள். வெந்து வரும்போது இரும்பைவிட உறுதியாக, தூக்கினால் லேசாக, விமானத்தின் ஓர் உறுப்பு வந்திருக்கும். நடுவில் துளி எண்ணெய், துளித் தூசி பட்டால் படலம் படலத்தோடு ஒட்டாது. “மேல போனப்புறம் பிரிஞ்சா, ஏணி வச்சு ஏறிப் பசை தடவுவீங்களா?” என்று கேட்பாள். திருச்சிக்காரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். தாழத் தாழத்தான் பயம்.

இந்த ஊர் விமானம் வாங்குவதில் மன்னாதி மன்னன். உலகத்தில் பறக்கிற பெரிய விமானங்களில் பாதி இங்கேதான் நிற்கிறதோ என்று தோன்றும். ஆனால் விமானத்துக்கு ஓர் உறுப்பைச் செய்து விற்கிற கம்பெனிகளை இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஷம்மாவுக்கு அதுதான் ஆத்திரம். எங்கள் மண்ணில் இறங்குகிற விமானத்தில் எங்கள் கை பட்ட ஒரு பலகையாவது இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான் உலகச் சந்தை என்றால் என்ன என்று புரிந்தது. ஐரோப்பாவில் தாத்தா காலத்திலிருந்து சப்ளை செய்கிறவர்கள் ஒரு பக்கம், அடிமாட்டு விலைக்குச் செய்துதரக் கிழக்கே காத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் இவர்கள் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் காபி கொடுத்தார்கள், ஆர்டர் கொடுக்கவில்லை. உங்கள் பொருள் எந்த விமானத்திலாவது பறக்கிறதா என்று கேட்டார்கள். பறந்தால்தானே வாங்குவீர்கள், வாங்கினால்தானே பறக்கும் என்று ஷம்மா ஒருமுறை பொறுமை இழந்து கேட்டேவிட்டாள்.

கடைசியில் ஐரோப்பிய விமானக் கம்பெனி ஒன்று மனம் இறங்கியது. ஒரே ஒரு ஸ்பாய்லர் பலகை செய்து காட்டுங்கள் என்றது. ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள், விமானம் தரையைத் தொட்டதும் இறக்கையின் முதுகில் படபடவென்று எழுந்து நிற்குமே, அந்தப் பலகைதான். தரம் பார்க்கிற எங்கள் ஆடிட்டர் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் பல வருட ஆர்டர், இல்லை என்றால் பழைய சப்ளையரே போதும் என்றார்கள். இந்தப் பக்கம் ஷம்மாவின் பங்குதாரர்களும் கையை விரித்துவிட்டார்கள். இது கிடைக்கவில்லை என்றால் ஷட்டரை இறக்கி, கட்டடத்தை யாருக்காவது வேர்ஹவுஸாக வாடகைக்கு விட்டுவிடலாம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். தொழிலாளர்கள் தங்கும் அல் கூஸ் கேம்பில் இருந்த அத்தனை பேர் விசாவும், ஜலஜா குடும்பத்து விசாவும் அந்த ஒற்றைப் பலகையில்தான் தொங்கின.

பலகைக்கு முதல் துணி விரிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை வந்தது.

துணி விரிக்கும் டீமுக்குத் தலைவர் கார்மேகம், முதுகுளத்தூர்க்காரர். பொரி, சுண்டல், சந்தனம், குங்குமம் எல்லாம் கராமாவில் நம்மூர்க் கடைகளிலிருந்து வாங்கி வந்துவிட்டார். ஜலஜா சட்டம் போட்டாள். ஃபோர்க்லிஃப்டுக்கு வைக்கலாம், கம்ப்ரஸருக்கு வைக்கலாம், கேன்டீன் ஃப்ரிட்ஜுக்கும் வேண்டுமானால் பட்டை போடலாம். கிளீன் ரூம் வாசலைத் தாண்டி ஒரு துகள் உள்ளே போகக் கூடாது. பூஜை முடிந்ததும் எல்லோரும் குளித்துவிட்டுத்தான் மறுநாள் வர வேண்டும். அப்படியே நடந்தது. ஷம்மா சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லோரும் வெளியே பொரி கொறித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜலஜா மட்டும் தனியாகக் கிளீன் ரூமுக்குள் போனாள். ஓவர்கோட் போட்டு, தலைக்கு வலை போட்டு, எல்லாம் முறைப்படிதான். துடைத்து மெழுகு பூசித் தயாராகக் கிடந்தது அச்சு. ஃபோர்க்லிஃப்டுக்கே பொட்டு வைத்தாயிற்று, எல்லோருக்கும் சோறு போடப்போகிற இதற்கு மட்டும் வைக்கவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம்தான், வேறொன்றுமில்லை. ஊரையே மிரட்டுகிறவளுக்கும் பயம் வரத்தானே செய்யும்! கையில் மடித்து வைத்திருந்த டிஷ்யூவைப் பிரித்து, ஒரு சிட்டிகைக் குங்குமத்தை அச்சின் ஓரத்தில், எப்படியும் அறுத்து எறியப்போகிற விளிம்பில், ஒற்றி வைத்துக் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்ததும் புத்தி வந்துவிட்டது. என்ன காரியம் பண்ணினோம் என்று பதறி, சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் பளிச்சென்று இருந்தது.

உலர்ந்த குங்குமத்தை நெற்றியில் வைக்கும்போது மூக்கில் கொஞ்சம் உதிருமே, அது எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? ஜலஜாவுக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

பலகை வெந்து வெளியே வந்தபோது கன்னங்கரேலென்று கண்ணைப் பறித்தது. அளவு சுத்தம், எடை சுத்தம். கார்மேகத்தின் ஆட்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஆடிட்டர் லார்சன் வந்து இறங்கினான். நெட்டை மனிதன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்கிற மாதிரி பேச்சே கிடையாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பலகையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். பலகை இறக்கையோடு மாட்டிக்கொள்கிற கீலுக்குப் பக்கத்தில், பருப்பு அளவுக்கு ஒரு மங்கல் சிவப்பு. மேலே ஒட்டியிருக்கவில்லை, பசைக்குள்ளேயே உறைந்திருந்தது. இது என்ன என்று கேட்டான்.

ஜலஜாவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பலகையிலேயே அதிக பாரம் விழுகிற இடம் கீல்தான். உதிர்ந்தது வேறெங்கேயாவது உதிர்ந்து தொலைத்திருக்கக் கூடாதா!

லார்சன் ரிப்போர்ட்டில் ‘இன்னதென்று தெரியாத பொருள்’ என்று எழுதிக்கொண்டான். விமானத் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. நாளை மத்தியானம் மீட்டிங், அதற்குள் இது என்ன, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டான்.

அவன் போன கையோடு புரொடக்‌ஷன் மேனேஜர் விஜயபாஸ்கர் ஜலஜாவின் அறைக்கு வந்தான். கோயம்புத்தூர்க்காரன், பேச்சில் தேன் ஒழுகும். கார்மேகம் தினமும் நெற்றியில் குங்குமத்தோடுதான் பஸ்ஸில் வருகிறார், கேட்டில்தான் துடைக்கிறார், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தான்.

“ஒரே ஆளுங்க மேடம். அவரை ஊருக்கு அனுப்பிச்சிட்டோம்னு காமிச்சா ஆடிட்டரும் சமாதானமாயிருவாரு. மத்தவங்க பொழப்பு தப்பிச்சிருமுங்க.”

ஜலஜா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சொல்லும்போதே தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. உடனே ‘முடியாது’ என்று வந்திருக்க வேண்டாமா வாயில்?

விஜயபாஸ்கர் போனதும் கார்மேகமே வந்தார். கதவைச் சாத்தினார். எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க உள்ள போனதைக் கண்ணாடி வழியா பாத்தேன் மேடம். யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நான்தான் வச்சேன்னு சொல்லச் சொன்னாலும் சொல்லிட்டுப் போயிர்றேன். எப்படியும் இன்னும் ரெண்டு வருஷத்துல நான் ஊருக்குப் போறவன்தான. நீங்க இல்லாட்டி இந்தக் கம்பெனி நிக்காது.”

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். எண்ணெய் வைத்து வந்தார் என்று இந்த மனிதரை எத்தனை தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்! போங்க கார்மேகம், நான் பார்த்துக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போய்க் கணவன் பாலமுரளியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பாலமுரளி பேங்கில் வேலை பார்க்கிறவன், எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன். முதலில் வேறு வேலை ஒன்று தேடிக்கொண்டு அப்புறம் உண்மையைப் பேசலாமே என்று தமாஷாகச் சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு, சரி, சொல்றதுன்னு ஆச்சு, வெறும் மன்னிப்போட மட்டும் போய் நிக்காதே, அவன் அடுத்து என்ன கேப்பான்னு யோசிச்சிட்டுப் போ என்றான். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் சொன்ன உருப்படியான யோசனை அதுதான் என்று பிற்பாடு அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மீட்டிங்கில் ஷம்மா, லார்சன், விஜயபாஸ்கர், ஜலஜா. கார்மேகத்தையும் கூப்பிடச் சொன்னது விஜயபாஸ்கர். அவர் ஓரமாக நின்றார். விஜயபாஸ்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் டெக்னீஷியன் ஒருவர், என்று ஆரம்பித்தான். ஜலஜா எழுந்துவிட்டாள்.

“டெக்னீஷியன் இல்லை. நான். அது குங்குமம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது. பூஜை நாளில் அச்சின் ஓரத்தில் என் கையால் வைத்தேன். துடைத்தேன். துடைக்கும்போது உதிர்ந்திருக்கிறது.”

குரல் தாழ்ந்துதான் வந்தது. தன்னையே மிரட்டுகிற குரல். கையோடு கொண்டுவந்திருந்த குங்குமப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டார். ஷம்மா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயபாஸ்கருக்கு வாய் திறந்தது மூடவில்லை.

லார்சன் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தான். என்னவென்று தெரிந்துவிட்டது, எப்படி என்றும் தெரிந்துவிட்டது, ஆனால் இது பலகையை என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க ஜலஜா காத்திருந்த கேள்வியும் அதுதான்.

“தெரியாது. அதனால் இதை உடைத்துப் பார்த்துவிடலாம். இன்றைக்கே. உங்கள் கண் முன்னால்.”

விஜயபாஸ்கர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். கையில் இருப்பதே ஒரு பலகை, அதையும் உடைத்துவிட்டால் காட்ட என்ன இருக்கிறது, கீலில் பிளந்துகொண்டால் இத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று படபடத்தான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. எல்லோரும் ஷம்மாவைப் பார்த்தார்கள். அவள் அபாயா அங்கியின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு எழுந்தாள்.

“யல்லா. உடைக்கலாம்.”

பின்னால் இருந்த டெஸ்ட் ஹாலில் பலகையைக் கீலில் மாட்டி, அடியிலிருந்து ஹைட்ராலிக் ஜாக்கியால் நெம்ப ஏற்பாடு செய்தார்கள். கிளீன் ரூம் ஆட்கள், கேன்டீன் ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. விஜயபாஸ்கர் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து பாரத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். விமானம் படுமோசமாக இறங்கினாலும் பலகை மேல் விழக்கூடிய பாரம் வந்தது. பலகை வில்லாக வளைந்து நின்றது. பாரம் இன்னும் ஏறியது. விதி கேட்கிற ஒன்றரை மடங்கும் வந்தது. முறுக்கைக் கடிக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டார். பலகை நின்றது.

போதும், தாங்கிவிட்டது என்று லார்சன் கையை உயர்த்தினான். கண்ணாடிக்கு வெளியே ஒருத்தன் விசில் அடித்தேவிட்டான். ஆனால் ஜலஜா தலையை ஆட்டினாள்.

“நிறுத்தாதீர்கள் பாஸ்கர். உடையட்டும். எங்கே உடைகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.”

அவள் சொன்னது லார்சனுக்குப் புரிந்தது. எத்தனை மடங்கு தாங்கினால் என்ன, கடைசியில் அந்தச் சிவப்பில் பிளந்தால் பழி குங்குமத்தின் மேல்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரும் பல வருட ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். லார்சன் உயர்த்திய கையை இறக்கினான்.

பாரம் ஏறியது. விஜயபாஸ்கர் எண்ணைப் படிப்பதை நிறுத்திவிட்டான். முறுக்குச் சத்தம் அடிக்கடி கேட்டது. ஜலஜாவின் கண் கீலை விட்டு அகலவில்லை. இங்கே வேண்டாம், இங்கே மட்டும் வேண்டாம் என்று அவள் மனசு கெஞ்சியது. எந்தச் சாமியிடம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியாது. அப்போது டமார் என்று ஹாலே அதிர்ந்தது. பலகை இரண்டாகப் பிளந்து ஜாக்கி மேல் தொங்கியது.

பிளந்தது மறு கோடியில். கீலும், அதன் பக்கத்துச் சிவப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன.

லார்சன் டார்ச்சோடு குனிந்து பார்த்தான். அந்தச் சிவப்பை நடுவாக அறுத்துக் கொடுக்கச் சொன்னான். கார்மேகமே அறுத்துக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்துவிட்டு லார்சன் நிமிர்ந்தான். படலங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை, இத்தனை தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றான். பிறகு, வந்ததிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசினான். பல ஊர்களில் பல கம்பெனிகளுக்குப் போயிருக்கிறேன், தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் முதலில் மறைப்பார்கள், அப்புறம் இன்னொருவன் தலையில் கட்டுவார்கள், அப்புறம் வக்கீல் பேசுவார், உள்ளதைச் சொல்லி உடைத்தும் காட்டியவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்றான். ரிப்போர்ட்டைத் திறந்து, ‘இன்னதென்று தெரியாத பொருள்’ என்பதை அடித்துவிட்டு, குங்குமம் என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான்.

சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இன்னொரு பலகை, சுத்தமாக, என் கண் முன்னால் செய்ய வேண்டும் என்றான். ஃப்ளைட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். கிளீன் ரூமுக்குள் நுழையும்போது அவனையும் ஜலஜா மறித்து, ஆஃப்டர்ஷேவைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். மறுபேச்சில்லாமல் கழுவிவிட்டு வந்தான். அந்தப் பலகையில் அவன் டார்ச்சுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆர்டர் வந்தது. வந்த அன்று கேன்டீனில் பிரியாணி போட்டார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டார்கள், விஜயபாஸ்கர் கார்மேகத்தின் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, மன்னிச்சுக்குங்க அண்ணா என்றான். கார்மேகம் ஒரு முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

ஷம்மா ஜலஜாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வார்னிங் லெட்டர் ஒன்றை நீட்டினாள். ஜலஜா அதைத்தான் எதிர்பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஷம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன கதை இது. இந்த ஃபாக்டரி திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவளுடைய உம்மா யாருக்கும் தெரியாமல் பஹூர் தூபத்தை ஏந்திக்கொண்டு கிளீன் ரூம் முழுக்கச் சுற்றிவந்துவிட்டாராம். கண் படக் கூடாதாம். ஏர் ஃபில்டர் அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்ததாம். உம்மாவுக்கு வார்னிங் லெட்டர் கொடுக்க முடியவில்லை, உனக்காவது கொடுக்க முடிந்ததே என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே ஆட்கள் என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் சஹாப் பலகைகள் எங்கெங்கோ பறந்துகொண்டிருந்தன. இரண்டாவது குக்கரும் வந்துவிட்டது. வேர்ஹவுஸ் பேச்சு எடுத்த பங்குதாரர்கள் இப்போது விருந்தாளிகளைக் கூட்டிவந்து சுற்றிக் காட்டுகிறார்கள், தாங்களே துணி விரித்த மாதிரி. இந்த முறை ஜலஜா சட்டத்தை இன்னும் இறுக்கினாள். ஃபோர்க்லிஃப்டுக்குக்கூடக் குங்குமம் கிடையாது, சந்தனம் கிடையாது, பூ மட்டும்தான், அதுவும் கேட்டுக்கு வெளியே. ஆட்களின் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

கார்மேகம் மட்டும் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருந்த அந்த உடைந்த பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே மேஜையில் சாய்த்து வைத்தார். மாலை போட்டார். குங்குமச் சிமிழைத் திறந்து ஜலஜாவிடம் நீட்டினார்.

“இதுக்கு வைங்க மேடம். பயப்படாதீங்க, இது பறக்காது.”

ஜலஜா சிமிழுக்குள் விரலை விட்டாள். அறுத்து எடுத்த அந்தக் கீல் ஓரத்தில், பெரிதாக, ஊருக்கே தெரிகிற மாதிரி வைத்தாள். கொஞ்சம் உதிர்ந்தது. உதிரட்டும் என்று விட்டுவிட்டாள்.